வியாழக்கிழமை சரிபார்த்த நேரம்

நான் மூன்று முறை சரிபார்த்தேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் எழுதினால் சாக்குச் சொல்வது போலிருக்கும்.

என் பெரியப்பா மகன் சிவபிரகாஷ் அண்ணன் இங்கிலாந்தில் லெஸ்டர் என்ற ஊரில் மார்ச் ஆறாம் தேதி இறந்துபோனான். வயது முப்பது. படிக்கப் போனவன், படிப்பு முடிந்ததும் அங்கேயே ஒரு பெரிய கிடங்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். வேலை முடிந்து வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. தனியாகப் படுத்திருந்த இளவயதுக்காரன் திடீரென்று இறந்ததால் விசாரணை, பரிசோதனை என்று உடலை மூன்று வாரம் வைத்திருந்தார்கள். பிறகு கொடுத்துவிட்டார்கள். ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்யலாம் என்று அவனுடன் ஒரே வீட்டில் தங்கியிருந்த ஜெபக்குமார் அண்ணன் போனில் சொன்னார். நாகர்கோவில்காரர். பெரியம்மாதான் வேண்டாம் என்றார்.

"மூணு வாரமா ஐஸ்ல கெடக்கறான். இனிப் பொட்டிக்குள்ள வெச்சு, ப்ளேன்ல ஏத்தி, எறக்கி, மறுக்கா ஆம்புலன்ஸ்ல ஏத்தி... அவனுக்கு வேண்டாம் கண்ணு. அங்கயே ஆகட்டும். நான் ஒருக்காப் பாத்தாப் போதும்."

அங்கே எரியூட்டும் இடத்தில் ஒரு கூடம் இருக்கிறது. கூடத்தில் கேமரா உண்டு. அவர்கள் அனுப்பும் லிங்க்கைத் திறந்தால் இங்கிருந்தே பார்க்கலாம். முகம் தெரியும்படி பெட்டியைத் திறந்து வைக்க ஜெபக்குமார் அண்ணன் அனுமதி வாங்கியிருந்தார். மொத்தம் நாற்பது நிமிடம். அதற்குள் முடித்துவிட வேண்டும், அடுத்த குடும்பம் வந்துவிடும். பதிவு செய்து தரும் வசதி அந்த இடத்தில் இல்லை. நடக்கும்போது பார்த்தால்தான் உண்டு.

எங்கள் ஊரான மண்ணரையில் பெரியப்பா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்த மூன்று வாரமும் பெரியம்மா தூங்கவில்லை என்பது எனக்குச் சுவர் வழியாகவே தெரியும். எழுந்து தண்ணீர் மோந்து குடிப்பார். கதவைத் திறப்பார், சாத்துவார். திரும்பவும் தண்ணீர்.

மார்ச் 26, வியாழக்கிழமை மதியம் ஜெபக்குமார் அண்ணன் எனக்குச் செய்தி அனுப்பினார். திங்கட்கிழமை காலை பதினோரு மணி, எங்க ஊர் நேரம். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: உங்களுக்கு அது எத்தனை மணின்னு பார்த்துச் சொல்லட்டுமா?

வேண்டாங்கண்ணா, நான் பார்த்துக்கறேன் என்று பதில் போட்டேன்.

ஏன் அப்படிப் போட்டேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். எனக்கு இயல்பாக எதிலும் நம்பிக்கை கிடையாது. கம்பெனியில் ஒரு மெயில் அனுப்புவதற்கு முன் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுவேன். பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். ஆனால் முந்தின நாள் பெரியப்பா எல்லாரும் இருக்கும்போது சொல்லியிருந்தார்: "டைம் கணக்கெல்லாம் வினிதா பாத்துக்குவா. அவ தெனமும் வெளிநாட்டுக்காரங்களோட பேசறவ." என்னை அப்படி யாரும் சொன்னதில்லை. அந்தச் சொல்லுக்குப் பொருத்தமாக நடந்துகொள்ள ஆசைப்பட்டேன்.

பெரியப்பா சொன்னது பாதி உண்மை. நான் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்சண்டைசிங் பிரிவில் உதவியாளர். ஆர்டர் கொடுத்தவர்களுக்குச் சாம்பிள் போனதா, துணி வந்ததா, சாயம் சரியா என்று எழுதிக்கொண்டே இருக்கும் வேலை. எங்கள் பிரிவுச் சுவரில் மூன்று கடிகாரங்கள் உண்டு. இந்தியா, லண்டன், நியூயார்க். நான் பார்ப்பது அமெரிக்க ஆர்டர்கள் மட்டும். லண்டன் ஆர்டர்களைப் பார்ப்பவர்கள் வேறு வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறரை முதல் எட்டு வரை ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் படிக்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை வகுப்பில்தான் நேரத்தைப் பற்றிய பாடம் வந்தது. உலகத்துக்குப் பொதுவாக ஒரு நேரம் இருக்கிறது. ஒவ்வொரு ஊரும் அதிலிருந்து இத்தனை மணி முன்னால், இத்தனை மணி பின்னால். நாம் ஐந்தரை மணி முன்னால். லண்டன் அந்தப் பொது நேரத்திலேயே இருக்கிறது, இடைவெளி பூஜ்யம். ஊர்ப் பெயருக்கு நேராக அதன் எண்ணை எழுதி, ஓர் ஊரின் நேரத்தைக் கொடுத்தால் இன்னொரு ஊரின் நேரத்தைச் சொல்லும் சின்ன புரோகிராம் ஒன்று எழுதினோம். என்னுடையது முதல் முறையிலேயே ஓடியது. அது அபூர்வம். "இந்த மெத்தட்ல ஒரு ஓட்டை இருக்கு, வெள்ளிக்கிழமை பாக்கலாம்" என்று சொல்லி சார் வகுப்பை முடித்தார்.

வெள்ளிக்கிழமை நான் வகுப்புக்குப் போகவில்லை. சொந்தக்காரர்களுக்குப் போன் செய்துகொண்டிருந்தேன், எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று சொல்ல.

வியாழக்கிழமை நான் செய்தது இது. ஒன்று, என் புரோகிராமில் லண்டன் பதினொன்று என்று போட்டேன்; லெஸ்டருக்கும் அதே நேரம்தான். மாலை நான்கரை என்று வந்தது. இரண்டு, போனில் லண்டனில் இப்போது என்ன நேரம் என்று தேடினேன். நமக்கு மதியம் இரண்டு இருபது, அங்கே காலை எட்டு ஐம்பது. ஐந்தரை மணி வித்தியாசம், சரி. மூன்று, கம்பெனிச் சுவரில் இருந்த லண்டன் கடிகாரத்தைப் பார்த்தேன். அதுவும் எட்டு ஐம்பது.

வெளிநாடுகளில் வெயில் காலத்துக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்ல முடியாது. இரண்டரை வாரம் முன்பு ஸ்டூல் மேல் ஏறி நியூயார்க் கடிகாரத்தைத் தள்ளி வைத்தவளே நான்தான். மாற்றுவதெல்லாம் அன்றைக்கே எல்லா நாட்டிலும் மாற்றியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு, இங்கிலாந்தில் மார்ச் கடைசி ஞாயிறு. அந்தக் கடைசி ஞாயிறு இருபத்தொன்பதாம் தேதி. சடங்கு முப்பதாம் தேதி, திங்கட்கிழமை.

மூன்று முறை சரிபார்த்தேன். மூன்றும் வியாழக்கிழமையின் நேரம்.

எல்லாரிடமும் நான்கரை என்று சொன்னேன்.

திங்கட்கிழமை நான் லீவு. கம்பெனிக்குப் போயிருந்தால், லண்டன் வரிசைக்காரர்கள் காலையில் வந்ததும் ஸ்டூலைப் போட்டுத் தங்கள் கடிகாரத்தை நகர்த்துவதைப் பார்த்திருப்பேன்.

பெரியம்மாவின் அண்ணன் செந்தில்வேல் மாமா சேவூரிலிருந்து மதியமே வந்துவிட்டார். கையில் மஞ்சள் பையில் கோடித் துணி. இறந்தவர் மேல் தாய்மாமன் வீட்டுத் துணி போர்த்தித்தான் அனுப்ப வேண்டும். அங்கே போய்ப் போர்த்த முடியாது. அதனால் அந்தக் கூடத்தில் பெட்டியை மறைத்துத் திரையை மூடும் நேரத்தில், இங்கே அண்ணனின் படத்தின் மேல் மாமா துணியைப் போர்த்துவது என்று முடிவாகியிருந்தது. தீ தொடுவதற்கு முன் துணி போய்விட வேண்டும். அதில் மாமா கறாராக இருந்தார்.

"ஏஞ்சாமி, அந்த ஊர்க்காரன் நம்மளவிட முன்னால இருக்கறானா, பின்னால இருக்கறானா?" என்று என்னிடம் கேட்டார்.

"பின்னாலங்க மாமா. அஞ்சரை மணி நேரம்."

"பின்னால இருக்கறவன் கிட்டப் போயி நம்ம பையன் வேலை பாத்திருக்கறான் பாரு."

பெரியப்பா ரத்தினசாமி நாற்காலியிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "சும்மா இருங்க மாப்ள" என்றார். ஆனால் அவர் முகத்தில் கொஞ்சம் இறுக்கம் தளர்ந்திருந்தது.

மூன்று மணிக்கு என் போனை டிவியோடு இணைத்துச் சோதித்தேன். படம் வந்தது. நடுவில் யாராவது அழைத்தால் படம் மறைந்துவிடுமே என்று போனில் எந்த அழைப்பும் செய்தியும் காட்டாதபடி நிறுத்தி வைத்தேன். அதையும் இரண்டு முறை சோதித்தேன்.

மூன்று இருபதுக்குப் பெரியம்மா கூடத்துப் பாயில் சாய்ந்தார். சாய்ந்தவர் தூங்கிப்போனார். மூன்று வாரத்தில் அவர் தூங்கி நான் பார்த்தது அப்போதுதான். வாய் லேசாகத் திறந்திருந்தது. என் அம்மா டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தவர், சத்தம் கேட்கிறதே என்று நிறுத்திவிட்டார். மாமா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார். மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்தேன். மூன்று நாற்பத்தைந்துக்கு எழுப்பலாமா என்று பெரியப்பா கண்ணால் கேட்டார்.

"தூங்கட்டுமுங்க பெரியப்பா. இன்னும் முக்கால் மணி நேரம் இருக்குது" என்றேன்.

நான்கு பத்துக்கு எழுப்பினோம். முகம் கழுவி, தலையைக் கோதி முடிந்துகொண்டு வந்து டிவிக்கு நேராக உட்கார்ந்தார். பதினாறு பேர் இருந்தோம். நான்கு இருபத்தெட்டுக்கு லிங்க்கைத் திறந்தேன்.

ஒரு கூடம் தெரிந்தது. மர நாற்காலிகள், வரிசை வரிசையாக. முன்னால் ஒரு மேடை, அதன் மேல் எதுவும் இல்லை. ஊதா நிறத் திரை இரண்டு பக்கமும் விலக்கி வைக்கப்பட்டிருந்தது. சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒரு பெண்மணி நாற்காலிகளிலிருந்து தாள்களை எடுத்துக் கையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பொட்டி எங்க கண்ணு?" என்று பெரியம்மா கேட்டார்.

"இன்னி மேலுதான் கொண்டாருவாங்க" என்றார் பெரியப்பா. "மணி ஆகலையில்ல."

படத்தின் வலது மூலையில், கதவுக்கு மேல், ஒரு வட்டக் கடிகாரம் தெரிந்தது. சின்ன முள்ளும் பெரிய முள்ளும் ஏறக்குறைய ஒன்றாக நின்றன. பன்னிரண்டு ஆக இரண்டு நிமிடம் இருந்தது.

முதலில் அந்தக் கடிகாரம் ஓடவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்படி நினைப்பதற்கு எனக்கு எவ்வளவு விருப்பமாக இருந்தது என்பதையும் எழுத வேண்டும். பெரிய முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நகர்ந்தது. பன்னிரண்டு. பன்னிரண்டு ஒன்று.

அந்தப் பெண்மணி தாள்களைக் கொண்டுபோய் வைத்துவிட்டு ஒரு பூச்சாடியோடு திரும்பி வந்தார். வேறு யாருக்கோ. பெரியம்மா அந்தக் காலி மேடையைப் பார்த்துக் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். மாமா கோடித் துணியைப் பிரித்து இரண்டு கையிலும் ஏந்தி அண்ணனின் படத்துக்குப் பக்கத்தில் நின்றார். நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. நான்கு முப்பத்தொன்பது வரை, என்ன ஆயிற்று என்று தெரிந்துகொண்டே, எட்டு நிமிடம் எல்லாரையும் அப்படி வைத்திருந்தேன். அதன் பிறகு டிவி கறுப்பானது. நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது.

"என்ன கண்ணு போட்டிருக்குது?"

"முடிஞ்சிருச்சுன்னு போட்டிருக்குதுங்க."

"ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள எப்படி முடியும்?" மாமா துணியை இறக்கவில்லை. "நெட்டா? கம்பெனி மீட்டிங்குன்னா ஒரு நிமிசம் தவறாது. நம்மூட்டு எழவுன்னாத்தான் நெட்டு போயிரும்."

யாரோ ஆமாம் என்றார்கள். அந்த ஏரியாவில் டவர் சரியில்லை என்று ஒருவர் சொன்னார். டிவியை அணைத்து மறுபடி போடச் சொன்னார் இன்னொருவர். நான் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். நிறுத்தி வைத்திருந்த செய்திகள் வந்து விழுந்தன. ஜெபக்குமார் அண்ணனிடமிருந்து மூன்று அழைப்பு. மூன்று இருபத்தாறுக்கு ஒரு செய்தி: ஆரம்பிக்கப் போவுது. அம்மா உக்காந்தாச்சா?

அவரை அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"எனக்கும் நெனவு இல்லாமப் போச்சேம்மா" என்றார். "இங்க நேத்துக் காலைல மணி மாறிச்சு. போன் தானா மாறிரும்லா, நாம யாரும் கவனிக்க மாட்டோம். கேமராவப் பாத்துத்தான் நின்னேன் கேட்டியா. அம்மா பாக்குதாவன்னு நெனச்சு, முகம் மறைஞ்சிரக் கூடாதுன்னு ஒவ்வொருத்தனையா ஒதுக்கி விட்டேன்."

அன்று மாலை எல்லாரும் போன பிறகு பெரியப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். ஒரு தாளில் எழுதியே காட்டினேன். சனிக்கிழமை வரை ஐந்தரை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான்கரை. அங்கே பதினொன்று என்றால் இங்கே மூன்றரை. அவர் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சனிக்கிழமை வெச்சிருந்தாச் சரியாப் போயிருக்குமா?"

"ஆமாங்க பெரியப்பா."

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "உன்ற பெரியம்மா கிட்டச் சொல்லாத. அவ தாங்க மாட்டா. நெட்டுன்னே இருக்கட்டும்." பிறகு, நான் அழுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, "நீ வேணும்னா பண்ணுன?" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. வாசலைப் பார்த்துச் சொன்னார்.

நெட்டு என்றே இருந்தது. விசாரிக்க வந்தவர்கள் எல்லாரிடமும் பெரியப்பா அதையே சொன்னார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

புதன்கிழமை பங்குனி உத்திரம். எங்கள் வீடுகளில் வருடம் தவறாமல் காவடி எடுப்பார்கள். இந்த வருடம் தீட்டு. தெருவில் மேளம் போனபோது கதவைச் சாத்தி வைத்திருந்தோம். பெரியம்மா கதவுக்குப் பின்னால் நின்று மேளச் சத்தம் முழுக்கப் போகும்வரை கேட்டார். பிறகு உள்ளே வந்து என் அருகில் உட்கார்ந்தார்.

"நெட்டுங்கறாங்க. எனக்குத் தெரியும் அது என்னன்னு" என்றார்.

பெரியப்பா சொல்லிவிட்டார் என்று நினைத்தேன்.

"போன மாசம் ஒண்ணாந்தேதி பேசினான். உத்தரத்துக்கு வர்றேன், காவடி எடுக்கறேன்னு சொல்லியிருந்தானல்ல. லீவு குடுக்கலம்மா, வரமுடியலங்கறான். எனக்கு என்ன கோவமோ. மூணு வருசமா இதையேதான் சொல்றான். அப்ப வரவே வேண்டாம், என்ற மூஞ்சியிலயே முழிக்காதன்னு சொல்லிப் போன வெச்சிட்டேன். அப்பறம் அவன் ரெண்டு தடவ கூப்புட்டான். எடுக்கல." அவர் குரல் மாறவே இல்லை, யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலிருந்தது. "சொன்ன சொல்லக் கேட்டுட்டான் கண்ணு. கடைசிக்குங்கூட மூஞ்சியக் காட்டல. அத்தன பேரு உக்காந்திருந்தோம், வெறும் மேடையக் காட்டிட்டுப் போயிட்டான்."

"அப்படியெல்லாம் இல்லீங்க பெரியம்மா" என்றேன்.

"உனக்கென்ன தெரியும்" என்றார்.

வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போனேன். நான் வராத அன்றைய பாடத்தை ஜெயசுதாவின் நோட்டிலிருந்து எழுதிக்கொண்டேன். அவள் எழுத்து உருண்டையாக, படிக்கச் சுலபமாக இருக்கும். இந்தியாவுக்கு எண் போதும், அது வருடம் முழுவதும் மாறாது. லண்டனுக்கு எண்ணைக் கொடுக்காதே, ஊரின் பெயரைக் கொடு. எந்தத் தேதியில் எந்த எண் என்பது பெயரோடு சேர்ந்து வரும். தேதி இல்லாமல் இடைவெளியைக் கேட்காதே. கடைசி வரியின் அடியில் அவள் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தாள். நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "என்னாச்சு, கண்ணெல்லாம்..." என்றாள். தூசி என்றேன்.

அன்று பஸ்ஸில் வரும்போது கணக்குப் பார்த்தேன், எனக்குத் தெரிந்த வழியில். சொன்னால் பெரியம்மாவுக்கு என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டு பக்கமும் எழுதினேன். சொன்னால், ஒரு மணி நேரம் முன்னால் உட்கார்ந்திருந்தால் மகனைப் பார்த்திருக்கலாம் என்று சாகும்வரை நினைப்பார். சொல்லாவிட்டால், மகன் தன் முகத்தில் விழிக்க மறுத்துவிட்டான் என்று சாகும்வரை நினைப்பார். இரண்டில் எது கனம் என்று எனக்கு எடைபோடத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. இரண்டாவது பொய். அந்தப் பொய்யில் நான் ஒளிந்துகொண்டிருந்தேன், அண்ணனைக் காட்டிக்கொடுத்துவிட்டு.

ஞாயிற்றுக்கிழமை ஜெபக்குமார் அண்ணனிடம் பேசி, நடந்ததை நிமிடம் நிமிடமாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். மதியம் பெரியப்பா வெளியே போயிருந்தார். சுவரின் அந்தப் பக்கம் போய்ப் பெரியம்மாவிடம் சொன்னேன்.

"நெட்டு இல்லீங்க பெரியம்மா. அண்ணனும் இல்ல. நான்தான் தப்பு. மணிய ஒரு மணி நேரம் மாத்திச் சொல்லிப்போட்டேன்."

வெயில்காலத்தில் கடிகாரத்தைத் தள்ளி வைப்பதை விளக்கினேன். அவருக்குப் புரிய இரண்டு முறை ஆயிற்று.

"அப்ப அவன் அங்க இருந்தான்."

"இருந்தானுங்க. பொட்டியத் தெறந்து, மொகம் தெரியறாப்பலதான் வெச்சிருந்தாங்க. கேமராவுக்கு நேரா. ஜெபக்குமார் அண்ணன் குறுக்க யாரையும் நிக்க உடலையாமா."

பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகை வரவில்லை.

"காட்டிட்டுத்தான் இருந்திருக்கறான்" என்றார்.

"ஆமாங்க."

"நான் என்ன பண்ணிட்டு இருந்தேன் அப்ப?"

அந்தக் கேள்வி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தேன், அதை யோசிக்கவில்லை.

"தூங்கிட்டு இருந்தீங்க."

அவர் என்னைப் பார்த்தார்.

"எழுப்பியிருக்கலாமல்ல கண்ணு" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். பிறகு என் கையில் இருந்த நோட்டைப் பார்த்து, "நோட்டுல என்ன எழுதியிருக்கற?" என்று கேட்டார்.

பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடது பக்கம் அங்கே நடந்ததையும், வலது பக்கம் அதே நிமிடத்தில் இங்கே நடந்ததையும் எழுதியிருந்தேன். அதை அவரிடம் காட்ட எழுதவில்லை. எனக்காகத்தான் எழுதினேன். நேரங்கள் இந்த முறையாவது நேருக்கு நேர் நிற்கின்றனவா என்று பார்க்க.

"படி" என்றார்.

படித்தேன்.

அங்கே பத்து ஐம்பத்தாறு. ஜெபக்குமார் அண்ணன் வாசலில் நின்று எனக்குச் செய்தி அனுப்பினார். இங்கே மூன்று இருபத்தாறு. நான் டிவி ஒயரை நேராக்கிக்கொண்டிருந்தேன்.

அங்கே பதினொன்று. ஆறு பேர் தூக்கி வந்தார்கள். இங்கே மூன்றரை. மாமா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அங்கே பதினொன்று எட்டு. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஜெபக்குமார் அண்ணன் போனில் ஒரு முருகன் பாட்டைத் தேடிப் போட்டார். இங்கே மூன்று முப்பத்தெட்டு. மின்விசிறியைக் குறைத்தேன்.

அங்கே பதினொன்று பதினைந்து. ஒவ்வொருவராக வந்து பூ வைத்தார்கள். இங்கே மூன்று நாற்பத்தைந்து. எழுப்பலாமா என்று பெரியப்பா கேட்டார். வேண்டாம் என்றேன்.

அங்கே பதினொன்று இருபத்திரண்டு. பெட்டியை மூடினார்கள். திரையை இழுத்தார்கள். இங்கே மூன்று ஐம்பத்திரண்டு. பெரியம்மா புரண்டு படுத்தார்.

"பொரண்டனா?"

"ஆமாங்க. கையக் கன்னத்துக்கு அடியில வெச்சுட்டு."

"எந்தப் பக்கம் திரும்பினேன்?"

"செவுத்துப் பக்கம்."

பெரியம்மா அந்தப் பாய் கிடந்த இடத்தைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். எந்தத் திக்கு எது என்று கணக்குப் போடுகிறார் என்று புரிந்தது. அண்ணன் படிக்கப் போனபோது விமானம் எந்தப் பக்கம் போகும் என்று அவர் கேட்டதும், மேற்கே என்று அவன் கை காட்டியதும் எனக்கு நினைவிருக்கிறது.

"மேக்கயா கண்ணு?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். யாரும் சரிபார்க்கப் போவதில்லை.

"இல்லீங்க பெரியம்மா. கெழக்க."

அவர் தலையாட்டினார். அலமாரியைத் திறந்து, மாமா விட்டுப்போன மஞ்சள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். துணி உள்ளே மடித்தபடியே இருந்தது.

"மொதல்ல இருந்து படி" என்றார். "மெதுவா."